சாரணியர் சின்னங்களைச் சோதிக்க ஊரார் முன்வர வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் தமிழ்வழியில் படிக்கும் பெண் பிள்ளைகள் சாரணியர் இயக்கத்தில் சேர்ந்து சின்னங்களும் விருதுகளும் பெறும் முறை குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன். இவ்வட்டாரப் பள்ளியொன்றில் பல ஆண்டுகள் சாரணிய ஆசிரியையாகப் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளின் திறனைச் சோதித்துச் சின்னம் தரும் வேலையை, பள்ளிக்கு வெளியே உள்ள, அந்தந்தத் தொழிலை நன்கறிந்த ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இயக்கத்தை அருகிலிருந்து பார்க்காத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. பாரத சாரண சாரணியர் அமைப்பில், தொடக்கப் பள்ளிச் சிறுமியர் புல்புல் என்றும் நீலப்பறவையர் என்றும் அழைக்கப்படும் பிரிவில் இருப்பார்கள். 10 வயது நிறைந்தபின் சாரணியராவார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தது ஓர் அணி. அணிக்கு ஒரு பூவின் பெயர். அணித்தலைவி பிள்ளைகளில் ஒருத்தியே. பிரவேஷ் என்னும் நுழைவுநிலையில் உறுதிமொழி எடுத்துக்கொண்ட பெண், பிரதம, துவிதிய, திருதிய சோபான் என்ற மூன்று படிகளை ஏறி, பின்னர் ஆளுநர் பெயரால் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்காருக்கும், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் பெயரால் வழங்கப்படும் ராஷ்டிரபதி விருதுக்கும் தகுதி பெறுகிறாள். ஒவ்வொரு படிக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. படிகளில் ஏறும்போதே முதலுதவி, சமையல், தையல், தோட்டம், மிதிவண்டி, ஊரறிந்து வழிகாட்டல், மொழிபெயர்ப்பு எனப் பலவகைத் திறன் சின்னங்களையும் அவள் பெற வேண்டும். சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் அந்தச் சிறு துணிச் சின்னங்களைப் பற்றியே இக்கடிதத்தில் பெரும்பாலும் பேசப் போகிறேன். விருதுகள் எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

கேரளத்தில் ராஜ்ய புரஸ்காரோ ராஷ்டிரபதி விருதோ பெற்றவர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கிரேஸ் மார்க் உண்டு. கொரோனா காலத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டபோது எழுந்த கலக்கத்தைப் பெற்றோர் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மதிப்பெண்ணே இன்று பல பள்ளிகளில், அணிகள் சேர்ந்த குழுவான சாரணியர் கம்பெனி நடப்பதற்குக் காரணமாக இருக்கிறது. 2010-இல் தொடங்கிய ஸ்டூடண்ட் போலீஸ் கேடட், 2018-இல் வந்த, கணினி சார்ந்த மாணவர் அமைப்பான லிட்டில் கைட்ஸ், அவற்றுக்கு முன்பே இருந்த ஜூனியர் ரெட்கிராஸ், என்.சி.சி. என்று ஒரே பள்ளியில் பல அமைப்புகள் இயங்குகின்றன. எட்டாம் வகுப்பில் சேரும் பெண், எதில் என்ன செய்யக் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன் எதில் எத்தனை மார்க் என்று கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதும் அந்தக் கேள்விதான்.

ஆனால் அதன் விளைவைச் சொல்லியாக வேண்டும். திறன் சின்னத்துக்கான சான்றாக ஒவ்வொரு பெண்ணும் தான் செய்த வேலையை நாள்வாரியாக எழுதி வைக்கும் லாக் புத்தகம், சில பள்ளிகளில் முன்னால் படித்துச் சென்ற அக்காமாரின் புத்தகத்தைப் பார்த்து எழுதப்படுகிறது. இன்னும் சில இடங்களில் கணினி மையத்தில் தட்டச்சு செய்து, இணையத்திலிருந்து எடுத்த வண்ணப் படங்களை ஒட்டி, சுருள்கம்பி போட்டு வாங்கப்படுகிறது. தோட்டச் சின்னத்துக்காக வெண்டை பயிரிட்டதாக எழுதிய ஒரு பெண்ணிடம், விதையை ஊற வைத்து நட்டாயா, நேரே நட்டாயா என்று கேட்டபோது அவள் விழித்துக்கொண்டு நின்றாள். இத்தனைக்கும் அவளுடைய தாத்தா வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர். வீட்டுக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்துச் செய்து எழுதியிருந்தால் நான்கு வரியில் எழுதியிருக்கலாம். அவளோ எங்கோ ஒரு நகரத்து மாடித் தோட்டத்தைப் பற்றி நாற்பது பக்கம் நகலெடுத்திருந்தாள். புத்தகம் அழகாக இருந்ததால் கையெழுத்தும் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு, கிரேஸ் மார்க்கை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆசிரியர்களிலேயே அப்படிச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வரும் பெண்களை மூன்று இரவுகள் வெளியே தங்கும் முகாமுக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசியவர்களுக்கு அந்த மதிப்பெண்ணின் அருமை தெரியும். கூடாரம், இயற்கை, தலைமைப் பண்பு என்று எத்தனை சொன்னாலும் அசையாத தகப்பனார், பத்தாம் வகுப்பில் மார்க் உண்டு என்றதும் பிள்ளையை அனுப்பச் சம்மதித்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூத்த அண்ணனுக்கு எந்தக் காரணமும் சொல்லாமல் கிடைக்கும் அனுமதி, தங்கைக்கு ஒரு கணக்கின் பேரில்தான் கிடைக்கிறது. அந்தக் கணக்கையும் பறித்துவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மட்டுமே சீருடை அணிவார்கள். ஆகவே மதிப்பெண் இருக்கட்டும். அதற்கு ஈடாகக் கேட்கப்படும் வேலை மெய்யானதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மெய்யான வேலை நடந்ததா என்று பார்ப்பதற்கான வழியை இயக்கத்தின் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். திறன் சின்னத்தைப் பயிற்சி கொடுத்த ஆசிரியை தாமே சோதித்துக் கையொப்பமிடக் கூடாது. அத்துறையை அறிந்த, உள்ளூர் அல்லது மாவட்டச் சங்கம் ஏற்றுக்கொண்ட, தனிப்பட்ட தேர்வாளர் ஒருவர் சோதிக்க வேண்டும். பழைய நாளிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது, இதற்குக் காரணமும் உண்டு. ஆசிரியைக்குத் தம் பிள்ளைகள் மீது பாசம் இருக்கும். பள்ளிக்கு விருது எண்ணிக்கை வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஆள் முதலுதவிக்கும் தையலுக்கும் நட்சத்திரம் பார்ப்பதற்கும் வல்லுநராக இருக்க முடியாது. நடைமுறையிலோ, தேர்வாளர் என்ற இடத்தில் பக்கத்துப் பள்ளிச் சாரணிய ஆசிரியை கையொப்பமிடுகிறார்; அவருடைய பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி ஆசிரியை கையொப்பமிடுகிறார். விதி எழுத்தளவில் காப்பாற்றப்பட்டுவிடுகிறது. வெளியாள் யாரையும் அழைக்க வழி தெரியாததும், அழைத்தால் வருவார்களோ என்ற தயக்கமுமே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்று, அந்தப் பொறுப்பில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலுதவிச் சின்னத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் தவறாகக் கற்றுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நம் பக்கம் கரிசல் காடும் வயல் வரப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த பூமி. பாம்புக்கடி என்பது பாடப் புத்தகத்துச் செய்தி அன்று. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று பழைய கையேடுகளில் இருந்ததை இன்னும் சொல்லிக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது என்று மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். கடிபட்டவரைப் பதற்றப்படாமல் படுக்க வைத்து, கையையோ காலையோ அசையாதபடி மட்டையோ பலகையோ வைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுபோவதே செய்ய வேண்டியது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. ஆகையால் பாம்பை அடித்து எடுத்துப் போவதற்காக நேரத்தை வீணாக்கக் கூடாது. இதை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அவர் தேர்வாளராக அமர்ந்தால், பிள்ளைகளைக் காட்டிலும் ஆசிரியைமாருக்கே அதிகப் பயன் என்பேன்.

அதே செவிலியர், தீக்காயத்தில் பற்பசையோ மையோ தடவலாமா என்று கேட்பார். குழாயடியில் எத்தனை நேரம் காட்ட வேண்டும் என்று கேட்பார். 20 நிமிடம் என்று வாயால் சொன்னால் போதாது என்று, கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கும் வழக்கத்தை மாற்றி, முன்னால் குனிந்து மூக்கின் மெல்லிய பகுதியை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பதை எழுதிக் காட்டச் சொல்லாமல் கலந்து காட்டச் சொல்வார். முக்கோணக் கட்டுத்துணியை அழகாக மடித்துப் போட்டிருப்பதைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கும், கட்டிய கையின் விரல் நுனி குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இதற்கெல்லாம் ஆண்டில் ஒரு பிற்பகல் போதும்.

சமையல், தையல், குழந்தை பராமரிப்பு ஆகிய சின்னங்களைப் பற்றி எனக்கு வேறொரு கருத்து உண்டு. நூறாண்டுக்கு முன் சீமையில், வீட்டில் வேலைக்காரர் வைத்திருந்த குடும்பங்களின் பெண்களுக்கு அவை புதிய அறிவாக இருந்திருக்கலாம். எங்கள் பிள்ளைகளில் பலர், அம்மா களத்துக்குப் போன வீட்டில் பத்து வயதிலேயே சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்து வருகிறவர்கள். அவர்கள் தினமும் செய்கிற வேலைக்கு ஒரு சின்னம் கொடுத்து மதிப்பளிப்பதில் தவறில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் அவற்றையே எடுத்துக் கொடுத்து எண்ணிக்கையை நிரப்பிவிடுவது சோம்பல். தெரிந்ததைச் சோதிப்பதற்காகவா அந்தப் பெண் சாரணியரில் சேர்ந்தாள்? மிதிவண்டிச் சங்கிலியைக் கழற்றி மாட்டவும், பஞ்சர் ஒட்டவும், வரைபடத்தில் திசையறியவும், காட்டில் தடம் பார்க்கவும் அவளுக்கு வேறு யார் வாய்ப்புத் தரப் போகிறார்கள்? பஞ்சர் ஒட்டுவதைச் சோதிக்கக் கடைத்தெருவிலுள்ள சைக்கிள் கடைக்காரரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. அவர் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்கும் அலுவலர் ஒருவர் இருந்தால், அவருடைய வண்டிச் சக்கரத்தில் காற்றிறங்கும் நாளில் அவர் யாரிடம் போவார் என்று யோசிக்கட்டும்.

ஊரறிந்து வழிகாட்டும் பாத்ஃபைண்டர் சின்னம் எல்லையோரப் பிள்ளைகளுக்காகவே உண்டாக்கப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தன் ஊரைச் சுற்றியுள்ள சாலைகள், மருத்துவமனை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், பேருந்து, ரயில் வசதிகள் ஆகியவற்றை அறிந்து, புதிதாக வரும் ஒருவருக்கு வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் சாரம். நகரத்துப் பெண்ணுக்கு இது மனப்பாடம். எங்கள் பெண்ணுக்கோ இரண்டு மாநிலங்களின் கணக்கு. கோபாலபுரத்திலோ மீனாட்சிபுரத்திலோ நிற்கும் ஒருவருக்குப் பொள்ளாச்சி கிட்டவா, சித்தூர் கிட்டவா? எந்தப் பேருந்து எல்லைச் சாவடியோடு நின்றுவிடும், எது தாண்டிப் போகும்? இரவில் பிரசவ வலி கண்டவரை எந்தப் பக்கம் கொண்டுபோவது நல்லது? 108-ஐ அழைக்கும்போது, தான் நிற்கும் இடம் எந்த மாநிலம், எந்தப் பஞ்சாயத்து, எந்த வார்டு என்று தடுமாறாமல் சொல்ல அவளுக்குத் தெரிகிறதா? வடகரப்பதியில் ஒரு தெருவைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும் இடங்கள் இருக்க, இக்கேள்விகளைத் திருவனந்தபுரத்தில் அச்சிட்ட வினாத்தாளில் எதிர்பார்க்க முடியாது. ஓய்வுபெற்ற தபால்காரரோ, ஆம்புலன்ஸ் ஓட்டியவரோ, பேருந்து நடத்துநரோ அமர்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளையின் ஊரறிவு தெரிந்துவிடும்.

இச்சின்னத்துக்காகப் பிள்ளைகள் ஊர் வரைபடம் வரைகிறார்கள். அதில் கோயிலும் பள்ளியும் ரேஷன் கடையும் இருக்கும். நீலக் கோட்டில் ஒரு கால்வாயும் இருக்கும். அந்தக் கால்வாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் மேற்கொண்டு சொல்வதில்லை. ஆழியாற்றிலிருந்து வந்து, மணக்கடவில் அளக்கப்பட்டு, மூலத்தரையில் பிரிக்கப்பட்டு வரும் நீர் அது என்பதும், பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும் என்பதும், அதில் குறை வரும் ஆண்டில் தன் வீட்டு வயலில் என்ன நடக்கிறது என்பதும் அவள் அறிந்திருக்க வேண்டாமா? பாலக்காட்டுக் கணவாயின் மேற்குப் பகுதியில் மழை கொட்டும்போதும் எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகள் வறண்டு கிடப்பதால், கால்வாய்தான் இங்கே பயிரையும் சண்டையையும் தீர்மானிக்கிறது. மதகு திறந்து மூடிய பழைய லஸ்கர் ஒருவரை ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார வைத்தால், அவர் சொல்லும் விவரம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

இனி மொழியைப் பற்றி. நான் பிள்ளைகளை அழைத்துச் சென்ற தேர்வு முகாம்களில் வினாத்தாள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வாய்மொழித் தேர்வும் மலையாளத்தில் நடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பிக்கப்படுகிறது. அதற்கு முன்பும் கடைத்தெருவில் கற்றவர்கள்தாம் நாங்கள். ஆயினும் ஒரு முடிச்சை எப்போது போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்பதைப் பதினான்கு வயதுப் பெண் தயக்கமின்றி விளக்குவதற்கு அவள் படித்த மொழியே உதவும். தமிழில் பதில் சொன்னால் புன்னகையோடு ஏற்றுக்கொண்ட தேர்வாளர்களும் இருந்தார்கள். மலையாளத்தில் சொல்லத் தெரியாதவளுக்குச் செய்யவும் தெரியாது என்று முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள். எந்த மேசையில் அமர்த்தப்படுகிறாள் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஒரு பெண்ணின் விருது அமையக் கூடாது.

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, இம்மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்திருக்கிறது. சாரணியர் அமைப்பு அரசு அலுவலகம் அன்று. ஆகவே அச்சட்டத்தைக் காட்டி வழக்காட நான் வரவில்லை. ஆனால் அரசு மதிப்பெண் தருவதற்கு அடிப்படையாக ஏற்றுக்கொள்ளும் ஒரு தேர்வு, அரசு தன் அலுவலகங்களுக்கே வகுத்துக்கொண்ட நெறியைவிடக் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சிப் பள்ளிகளில் இதே சோபான்களை இதே வயதுப் பெண்கள் தமிழில் எழுதிக் கடக்கிறார்கள். அங்கே புழங்கும் தமிழ்க் கையேடுகளையும் கலைச்சொற்களையும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகள் பயன்படுத்த அனுமதித்து, வாய்மொழித் தேர்வில் தமிழறிந்த ஒருவரை உடன் அமர்த்தினாலே பெரும் பகுதி தீர்ந்துவிடும். சித்தூர் வட்டத்தில் தமிழறிந்தவரைத் தேடி அலைய வேண்டிய தேவை யாருக்கும் இருக்காது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இதே குறை உண்டு என்று அங்குள்ள ஆசிரியைமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சின்னங்களின் பட்டியலில் மொழிபெயர்ப்பாளருக்கான இன்டர்பிரெட்டர் சின்னமும் இருக்கிறது. எங்கள் வட்டாரத்துப் பெண் வீட்டில் தமிழ் பேசுகிறாள்; சிலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தெருவில் தமிழ் பேசுகிறார்கள்; கிராம அலுவலகத்தில் மலையாளம் பேசுகிறார்கள். இச்சின்னத்துக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கேரளத்தில் வேறெங்கும் இருப்பார்களா என்பது ஐயம். இருந்தும், நானறிந்தவரை இதற்கு விண்ணப்பிப்போர் மிகச் சிலர். ஏனென்றால் வேற்றுமொழி என்றால் ஆங்கிலமோ பிரெஞ்சோ என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். சுகாதார நிலையத்தில் மலையாள மருத்துவர் சொல்வதைத் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பாட்டியிடம் சரியாகச் சொல்லி, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பாட்டியையே திருப்பிச் சொல்ல வைத்தால், அதுவே தேர்வாகப் போதும். சொன்னதில் பிழை இருந்தால் அங்கேயே திருத்த மருத்துவர் இருக்கிறார்.

இந்த இயக்கம் பெண்களுக்குத் தானாக வந்ததும் அன்று. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் கூடியபோது, அழைக்கப்படாத சிறுமியர் சிலரும் சீருடைபோல் உடுத்திக்கொண்டு வந்து தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நின்றார்கள். அடுத்த ஆண்டு, சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவலும் அவர் தங்கை ஆக்னெஸும் பெண்களுக்கென்று தனியமைப்பை உண்டாக்கினார்கள். 1911-இல் ஜபல்பூரில் நம் நாட்டின் முதல் கம்பெனி தொடங்கியபோது அதில் இடம் ஐரோப்பியச் சிறுமியருக்கு மட்டுமே. இந்தியப் பெண்கள் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-இல் சாரணர் அமைப்புகள் ஒன்றிணைந்து பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவாக, 1951 ஆகஸ்டு 15-இல் பெண்கள் அமைப்பும் அதில் சேர்ந்தது. கேட்டு வாங்கிய இடத்தில் நகலெடுத்த புத்தகத்தோடு போய் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முகாம்களைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றை இங்கே பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்றில் கூடாரம் போடக் கற்ற பெண் எங்கே போனாலும் கூடாரம் போடுவாள்: வாசலைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி, முளையைச் சாய்த்து அடித்து, குளோவ் ஹிட்ச் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இவ்வளவு நல்ல பயிற்சிக்களம் வாசலில் இருக்க, சில முகாம்கள் இன்று கல்யாண மண்டபத்திலும் வகுப்பறையிலும் நடந்து முடிந்துவிடுகின்றன. காரணம் கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். என் அனுபவத்தில் பாதுகாப்பைவிடக் கழிப்பறையே பெரிய தடை. மாதவிடாய் நாளில் இருக்கும் பெண், தண்ணீர் வசதியும் தாழ்ப்பாளும் இல்லாத இடத்துக்கு வரமாட்டாள். உடல்நிலை சரியில்லை என்று மட்டும் எழுதி அனுப்புவாள். முகாம் தவறியதால் விருதும் ஓராண்டு தள்ளிப்போகும். முகாம் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்து, தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறைக் கதவையும் முன்கூட்டியே போய்ப் பார்த்து வர வேண்டும். இதற்குப் பஞ்சாயத்துகள் தம் விளையாட்டுத் திடல்களையும் சமுதாயக் கூடங்களையும் திறந்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

லாக் புத்தகம் கையெழுத்தில், பிள்ளையின் சொந்த மொழியில், அடித்தல் திருத்தல்களோடு இருந்தால் போதும் என்று மாவட்டச் சங்கம் வெளிப்படையாக அறிவித்தால், தட்டச்சுக்குச் செலவழிக்க முடியாத வீடுகளின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கும். செடி பட்டுப்போயிற்று என்று எழுதிய பெண்ணுக்கும் சின்னம் உண்டு, ஏன் பட்டுப்போயிற்று என்று அவளுக்குத் தெரிந்திருந்தால். தேர்வாளராக வருபவர்களும் புத்தகத்தை முதலில் புரட்டாமல், பிள்ளையைச் செய்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு புரட்டுவது நல்லது.

ஆகவே செவிலியர், வேளாண் உதவியாளர், தையற்காரர், மின்பணியாளர், தபால்காரர், பால் கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றியவர் என யாராயினும், ஆண்டில் ஒரு பிற்பகலைத் தர இயன்றவர்கள், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பெயரையும் தாம் அறிந்த தொழிலையும் எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். பெயர்ப் பட்டியல் முதல் பருவத்திலேயே கையில் இருந்தால், சாரணிய ஆசிரியை அதை மாவட்டச் சங்கத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெறவும், திருதிய சோபான் எழுதும் பிள்ளைகளுக்குத் தேர்வு நாளைக் குறிக்கவும் அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சாரணிய ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.